உபரி இராணுவச் சரக்குந்துகளும் பழுதுநீக்கும் அறிவும்: ஜி.எம்.சி. ஊர்தியை முன்வைத்து

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் 5 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜி.எம்.சி. இரண்டரை டன் சரக்குந்துகள் உற்பத்தியாயின. போருக்குப் பின் ஐரோப்பாவில் எஞ்சியவற்றுள் பல பிரெஞ்சு இராணுவத்தின் வசமாயின; அல்ஜீரியப் போரிலும் (1954–1962) அவை ஓடின. இந்நீண்ட வாழ்விற்கு ஊர்தியின் உறுதியையே காரணமாகக் கூறுவது வழக்கம். உதிரிப்பாகங்களின் பொதுமைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் அப்பொதுமை எண்ணப்படுவதைவிடக் குறைவானது.

அமெரிக்கத் தரைப்படை பராமரிப்பை ஐந்து படிநிலைகளாகப் பகுத்திருந்தது. எண்ணெயையும் சக்கரக் காற்றையும் ஓட்டுநரே கவனித்தார். எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பது பெரும் பணிமனைகளின் வேலை. உபரியாக விற்கப்பட்ட வண்டியுடன் இவ்வமைப்பு செல்லவில்லை. ஐந்து நிலைகளின் வேலையும் ஒரே பட்டறையின் தலையில் விழுந்தது.

அங்கேதான் அச்சுச் சிக்கல் வெளிப்பட்டது. ஒரே பெயருடைய ஊர்தி இருவகை அச்சுகளுடன் வெளிவந்தது. டிம்கென் நிறுவன அச்சின் உறை நடுவே இரண்டாகப் பிரிவது. மற்றதன் உறை பாஞ்சோ இசைக்கருவியை ஒத்த வட்ட வடிவினது. ஒன்றின் உட்பாகங்கள் மற்றொன்றில் பொருந்தா. உற்பத்திக் கணக்கிலோ இரண்டும் ஒரே வண்டி. எனவே, உதிரிப்பாகங்களுக்காகப் பழைய வண்டி வாங்குபவர் முதலில் அடியில் குனிந்து உறையின் வடிவைப் பார்க்க வேண்டியிருந்தது. பாஞ்சோ வகையில், அரையச்சுகளை உருவியபின், உறை வண்டியிலேயே இருக்க டிஃபரன்ஷியலைத் தனியே கழற்றலாம். டிம்கென் வகையில் உறையையே பிரிக்க வேண்டும்.