கொழுக்குமலை: தேயிலை இறங்கிய மலையில் ஒரு ஜீப் பயணம்

மதுரையிலிருந்து விடியலில் புறப்பட்டு இரவு உணவுக்குத் திரும்பிவிட வேண்டும். சாதாரண மகிழுந்தால் ஏறமுடியாத பாதையாக இருக்க வேண்டும். ஆனால், உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்குக் கடுமையாகவும் இருக்கக்கூடாது. நண்பர்கள் கூடும் இடத்தில் இப்படியொரு கோரிக்கை எழுந்தால், பெரும்பாலும் முதலில் சொல்லப்படும் பெயர் கொழுக்குமலை. ஏழாயிரம் அடிக்கும் மேலான உயரம், மேகத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஜீப் மட்டுமே ஏறக்கூடிய கற்பாதை. வேறென்ன வேண்டும்?

ஆனால், வரைபடத்தை விரித்துத் திட்டமிட உட்கார்ந்ததுமே ஒரு புதிர் எதிர்ப்படுகிறது. கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில். அதன் காலடியில் குரங்கணி. சற்றுத் தள்ளிப் போடிநாயக்கனூர். எனினும், போடியிலிருந்து நேரே மேலேற வண்டிப்பாதை கிடையாது. போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்து, பூப்பாறை கடந்து, சூரியநெல்லியை அடைந்து, அங்கிருந்து ஜீப்பேறி மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும். சொந்த வீட்டின் மாடிக்குப் பக்கத்து வீட்டுப் படிக்கட்டு வழியாக ஏறுவதைப் போன்றது இது. ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடாமல் பயணத்திட்டம் போடுவது நம்மைப் போன்றவர்களுக்கு அழகல்லவே!

விடை, இம்மலைகளில் விளைந்த தேயிலை எந்தத் திசையில் இறங்கியது என்பதில் இருக்கிறது. 1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். சிங்கோனா, காப்பி என்று பல பயிர்களைச் சோதித்த பிறகு தேயிலையே நிலைத்தது. 1880இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் ஏறத்தாழ 50 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. தோட்டங்கள் பெருகியதும் தலையாய சிக்கல் ஒன்று முளைத்தது. விளைந்ததை எப்படிக் கீழே இறக்குவது?

1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், சமநிலைக்காகப் பெரிய சக்கரம் ஒன்று தரையில் உருளும், இழுப்பவை மாடுகள். 1908இல் அதன் இடத்தில் இரண்டடி அகலக் குறுகிய இரயில் பாதை வந்தது. மூணாறிலிருந்து அது சென்று நின்ற இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்த கொட்டகுடிக்கு இறங்கின. அது 'பாட்டம் ஸ்டேஷன்'. பிறகு மாட்டுவண்டிகளில் போடிநாயக்கனூர். ஆக, அன்றைக்கு மூணாறு மலைகளின் வாசல் கிழக்குப் பார்த்தது.

தேயிலை இறங்கிய அதே திசையிலிருந்துதான் மனிதர்கள் ஏறினார்கள். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய கூலிக் குடும்பங்கள் மலைக்கு வந்தன. அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினர். பெட்டிக்குக் கம்பிவடம் இருந்தது. அதை நிரப்பியவர்களுக்கோ கால்களே துணை.

1924ஆம் ஆண்டு ஜூலையில் பெருமழை பெய்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரள மக்கள் இன்றும் அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே குறிப்பிடுகிறார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதை அவ்வெள்ளத்தில் அழிந்தது, மீண்டும் போடப்படவேயில்லை. மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்து சேர்ந்தது 1928இல். கீழே இரயில் வந்தபோது, மேலே இரயில் போய் நான்காண்டுகள் ஆகியிருந்தன! மேற்கே ஆலுவாயிலிருந்து மூணாறுக்கு ஏறிய பழைய சாலையும் அதே வெள்ளத்தில் சிதைந்தது. ஆனால், அதற்கு மாற்றாகப் புதிய சாலை அமைந்தது; 1935இல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டது. மலையின் வாசல் மெல்ல மெல்ல மேற்கு நோக்கித் திரும்பியது.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. எல்லைக்கோடு மலை முகட்டை ஒட்டிச் சென்றது. முகட்டின் கிழக்குச் சரிவில் அமைந்த கொழுக்குமலை தமிழகத்துக்கு வந்தது. அதை எட்டும் வண்டிப்பாதை கேரளத்தில் நின்றுவிட்டது. நம் புதிருக்கான விடை இதுதான். தேயிலையும் வெள்ளமும் எல்லைக்கோடும் சேர்ந்து வரைந்த பாதையில்தான் நம் ஜீப் ஏறப்போகிறது.

இனி, திட்டத்துக்கு வருவோம். மதுரையிலிருந்து தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி ஏறத்தாழ 140 கி.மீ. மலைச்சாலையின் வளைவுகளையும் கணக்கில் கொண்டால் நான்கு மணிநேரம் ஒதுக்க வேண்டும். இதுவரை எந்த வண்டியும் வரும். சூரியநெல்லியில் அதை நிறுத்திவிட்டு, உள்ளூர் ஓட்டுநர்களின் ஜீப்புக்கு மாறுவதே முறை. நம்மிடம் நல்ல நான்கு சக்கர இயக்க வண்டி இருந்தாலும் சரி, ஓட்டும் ஆசையைச் சற்று அடக்கிக்கொள்வதே நலம். பாதை தனியார் தோட்டத்தினூடே செல்கிறது. எதிரே ஒரு ஜீப் வந்தால் எந்தத் திருப்பத்தில் ஒதுங்குவது என்பது தினமும் ஏறி இறங்குபவருக்கே தெரியும்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால், ஒன்றரை மணிநேரம் பிடிக்கலாம். ஏறும்போது கீழ்க்கியரில், வேகமின்றி, சக்கரம் கல்லைப் பற்றிக்கொள்ளும்படி ஓட்டுவார்கள். இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் இயந்திரத்தின் இழுவையிலேயே வண்டியைக் கட்டுப்படுத்துவார்கள். இரண்டாம் உலகப்போருக்கென உருவான ஜீப், 1940களின் இறுதியில் இந்தியாவில் பூட்டப்படத் தொடங்கியது. தண்டவாளமும் கம்பிவடமும் கைவிட்ட மலைகளுக்கு அது பொருத்தமான வாரிசு. முதுகுவலி உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இப்பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

கதிரவன் உதிக்கும் காட்சிக்காகவே பலர் நள்ளிரவில் புறப்படுகிறார்கள். ஒரே நாளில் சென்று திரும்புவோருக்கு நாம் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். சின்னக்கானல், ஆனையிறங்கல் பகுதி யானைகளின் வழித்தடம். அரிக்கொம்பன் என்ற யானை 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டது இங்கேதான். பனிமூட்டத்தில், உறக்கம் போதாத கண்களோடு இச்சாலையில் ஓட்டுவது வீரமன்று. காலை ஐந்துக்கு மதுரையை விட்டால் ஒன்பதுக்குச் சூரியநெல்லி, பத்தரைக்கு மேலே, இரண்டு மணிக்குள் சூரியநெல்லிக்குத் திரும்பிவிட்டால், பொழுது சாயும் முன் போடியில் இருக்கலாம். இம்முகட்டுக்குத் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் வரும். எனவே, டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரையே உகந்த காலம்.

மேலே, 1930களைச் சேர்ந்த தேயிலைத் தொழிற்சாலையைக் காணத் தவறாதீர்கள். வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் என்று பழைய ஆர்த்தடாக்ஸ் முறையின் ஒவ்வொரு படியும் அங்கே விளங்கும். உலகிலேயே உயரமான தேயிலைத் தோட்டம் என்ற விளம்பரத்தைப் பற்றி வழக்காடுவதைவிட, இந்த உயரத்துக்கு ஒவ்வோர் இரும்புத் துண்டும் எப்படி வந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

பிறகு கிழக்கு விளிம்புக்கு வாருங்கள். கீழே தெரிவது போடிச் சமவெளி. குரங்கணிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையும் அப்பக்கம்தான். 'ஜீப்பில் ஏறி, நடந்தே இறங்கிவிடலாமே' என்ற ஆசை அங்கே எவருக்கும் எழும். 2018 மார்ச் 11 அன்று இச்சரிவில் பற்றிய காட்டுத்தீயில், மலையேற்றத்துக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த குழுவினர் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த புல் அடர்ந்த சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தை மனிதக் கால்களால் வெல்ல முடியாது. வனத்துறையின் அனுமதியின்றி அப்பாதையில் ஓரடிகூட வைக்காதீர்கள். கோடையில் அந்த எண்ணமே வேண்டாம்.

விளிம்பில் நின்று பார்க்கையில், கொட்டகுடி இருக்கும் திசையை ஓட்டுநரிடம் கேட்டறியுங்கள். கம்பிவடம் போய்விட்டது. போடி இரயில்கூட அகலப் பாதைக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்டு, 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளோ இன்னும் இங்கேயே கொழுந்து பறிக்கிறார்கள். திரும்பும் வழியில் அவர்களுள் ஒருவரிடம், 'பூர்வீகம் எந்த ஊர்?' என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் அன்று காலை கடந்துவந்த ஊர்களில் ஒன்றாகவே அது இருக்கக்கூடும்.