எந்தக் கை அடிக்கிறது? – ‘சிட்சை’ என்னும் சொல்லும் பெட்போர்டுச் சிறையும்

தமிழ்க் கிறிஸ்தவர் நாவில் நாள்தோறும் புழங்கும் வடசொற்களுள் ‘சிட்சை’ என்பதும் ஒன்று. இச்சொல்லின் வரலாறு சுவையானது. வேதாங்கம் ஆறனுள் ஒன்றுக்குச் சிட்சை என்று பெயர்; மறையை ஒலி பிறழாது ஓதப் பயிற்றும் கலை அது. கல்வி என்னும் பொருளில் தோன்றிய சொல், தமிழில் வழங்கியபோது தண்டனை என்னும் பொருளையும் ஏற்றுக்கொண்டது. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தைத் தமிழாக்கியோர் இச்சொல்லையே ஆண்டனர். ஆங்குள்ள கிரேக்கச் சொல் ‘பைதேயா’ என்பது. குழந்தை எனப் பொருள்படும் அடியினின்று பிறந்து, பிள்ளையை வளர்த்து ஆளாக்கும் பயிற்சி முழுவதையும் குறிப்பது. கற்பித்தலும் ஒறுத்தலும் ஒருங்கே அடங்கிய அச்சொல்லுக்கு, அவ்விரண்டையும் அடக்கிய மற்றொரு சொல் நம் மொழியில் ஆயத்தமாக இருந்தது நற்பேறு. வெறுமே ‘தண்டனை’ என்று பெயர்த்திருந்தால், தந்தை மறைந்து நீதிபதி மட்டுமே அங்கு எஞ்சியிருப்பார்.

அந்நிருபத்தின் ஆசிரியர் யார் என்பது இன்றளவும் முடிவாகாத வினா. அதைப் பெற்றவர்கள் எத்தகையோர் என்பது ஓரளவு தெளிவு. பத்தாம் அதிகாரம் அவர்களை நமக்குக் காட்டுகிறது: விசுவாசத்தின் பொருட்டுப் பழிக்கப்பட்டோர், உடைமைகளைப் பறிகொடுத்தோர், சிறைப்பட்டவர் துயரில் பங்குகொண்டோர். இத்தகையோரை நோக்கி, நீதிமொழிகளின் மூன்றாம் அதிகாரத்தை நினைவூட்டி, ‘நீங்கள் கைவிடப்பட்டவர்கள் அல்லர், பிள்ளைகளாக நடத்தப்படுகிறீர்கள்’ என்னும் கருத்தை அவ்வாசிரியர் முன்வைக்கிறார். எந்தச் சிட்சையும் அது நிகழும் வேளையில் மகிழ்ச்சியாகத் தோன்றாது, துயரமாகவே தோன்றும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இந்த நேர்மைதான் அப்பகுதியை வெற்று ஆறுதலினின்று காக்கிறது என்பது என் எண்ணம்.

ஆயினும் இக்கருத்துக்குள் ஓர் ஆபத்து உறங்குகிறது. இதே செய்தியை விவிலியத்தில் வேறொருவரும் சொல்கிறார். யோபுவின் நண்பன் எலிப்பாஸ், கடவுள் கண்டிக்கும் மனிதன் பேறுபெற்றவன் என்ற கருத்தைப் பிள்ளைகளை இழந்து சாம்பலில் அமர்ந்திருந்த யோபுவிடம் கூறுகிறான் (5ஆம் அதிகாரம்). கருத்தில் பிழை காண்பது அரிது. எனினும் நூலின் இறுதியில் கடவுள் சினங்கொள்வது எலிப்பாஸ் மீதும் அவன் தோழர் இருவர் மீதுமே. நிருபத்தில் மருந்தாகும் மொழி எலிப்பாஸின் வாயில் நஞ்சாகிறது.

தமிழ் மரபிலும் இதற்கு ஒளி தரும் இடம் ஒன்று உண்டு. பெருமாள் திருமொழியில் வித்துவக்கோட்டுப் பெருமானைப் பாடும் குலசேகராழ்வார், சினந்து தள்ளிய தாயையே நினைந்து அழும் குழவியையும், அறுத்துச் சுட்டாலும் மருத்துவன்பால் காதல் மாறாத நோயாளனையும் உவமையாக்குகிறார். கவிஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பேசுவது குழவியின் நிலையில் நிற்பவர். நோயாளனின் நிலையில் நிற்பவர். கத்தி பிடித்தவன் அங்கே பேசவில்லை.

இவ்வேறுபாட்டைத் தன் வாழ்விலும் எழுத்திலும் ஒருங்கே காட்டியவர் ஜான் பனியன். இங்கிலாந்தின் பெட்போர்டு நகரையடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628இல் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழில் செய்தவர். அரசின் திருச்சபையைச் சாராத சிறு கூட்டங்களில் உபதேசம் செய்துவந்தார். 1660இல் இரண்டாம் சார்லசு அரியணை ஏறியபின், அவ்வாண்டு நவம்பரில் ஒரு பண்ணை வீட்டுக் கூட்டத்தில் பிடிபட்டார். 1593ஆம் ஆண்டின் சட்டப்படி முதலில் மூன்று மாதச் சிறை. அதன் பின்னும் பணியாவிடில் நாடு கடத்தல். இசைவின்றித் திரும்பினால் தூக்கு. இனி உபதேசிப்பதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். கொடுக்கவில்லை. மூன்று மாதம் பன்னிரண்டு ஆண்டாயிற்று, 1672இல்தான் விடுதலை. காலணிக்கும் ஆடைக்கும் பயன்படும் நாடாக்களின் நுனியில் தகடு மாட்டி விற்று, சிறைக்குள்ளிருந்தே குடும்பத்துக்குச் சிறிது பொருளீட்டினார்.

1666இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூல் இத்துயரை மூடி மெழுகவில்லை. மனைவி மக்களைப் பிரிந்தது எலும்பிலிருந்து சதையைப் பிய்த்தது போன்றது என்னும் பொருள்பட எழுதுகிறார். பார்வையற்ற மூத்த மகளின் நினைவு அவரை வதைக்கிறது. தன் வீட்டைத் தன் மனைவி மக்கள் தலைமீதே இடித்துத் தள்ளுபவனாகத் தன்னைக் காண்கிறார். கன்றுகளைப் பிரிந்து உடன்படிக்கைப் பெட்டியை இழுத்துச் சென்ற இரு கறவைப் பசுக்கள் (1 சாமுவேல் 6) அவர் நினைவுக்கு வருகின்றன. தூக்குமேடை ஏணியில் கால் நடுங்கிவிடுமோ என்ற அச்சத்தையும் ஒளிக்கவில்லை. இவ்வளவையும் சொன்ன அதே மனிதர், மறைநூல் சிறையில் தமக்குத் திறந்ததுபோல் வேறெங்கும் திறக்கவில்லை என்றும் சாட்சி கூறுகிறார். துயரைக் குறைத்துச் சொல்லி அன்பைப் பெருக்கிக் காட்டும் தந்திரம் அவரிடம் இல்லை.

1678இல் முதற்பாகம் வெளிவந்த அவருடைய பெருநூல், ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் பெயரில் தமிழ் வீடுகளுக்கும் அறிமுகமானது. அதில் பயணி அடிபடும் இடங்கள் பல. மூன்றினை அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். மாயச் சந்தையில் பயணியும் அவன் தோழனும் அடித்துக் கூண்டில் அடைக்கப்படுகிறார்கள், தோழன் கொல்லப்படுகிறான். அங்குள்ள நீதிபதிக்குப் பனியன் இட்ட பெயர் ‘நன்மையை வெறுப்பவன்’. அடுத்து, ஐயக் கோட்டையில் விரக்தி என்னும் அரக்கன் தடிகொண்டு தாக்கித் தற்கொலைக்குத் தூண்டுகிறான். அங்கே பயணி செய்ய வேண்டியது தப்பித்தல்; மார்பில் மறந்து வைத்திருந்த வாக்குறுதி என்னும் திறவுகோலால் கதவைத் திறந்து ஓடுகிறான். மூன்றாவது, முகத்துதி செய்பவனை நம்பி வலையில் சிக்கியபோது நிகழ்வது. ஒளி பொருந்திய ஒருவர் சிறு கயிற்றுச் சாட்டையோடு வருகிறார். முதலில் வலையை அறுக்கிறார், வழிக்குறிப்பை அவர்கள் ஏன் படித்துப் பார்க்கவில்லை என்று வினவுகிறார், பிறகே அடிக்கிறார். அடிபட்டவர்கள் அவருக்கு நன்றி கூறிப் பாடிக்கொண்டு செல்கிறார்கள். அன்பினால் வரும் சிட்சை பற்றிய மறைமொழியைப் பனியன் பொருத்துவது இந்த மூன்றாம் இடத்தில்தான்.

பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்தவர் நீதிபதியின் கையில் அந்தச் சாட்டையைக் கொடுக்கவில்லை! கடவுள் தம் சிறைவாசத்தால் தம்மைப் பயிற்றினார் என அவர் நம்பினார். அதனால் சிறையிட்டவர் செயல் அறமாகிவிடவில்லை. ஆட்சியாளரும் ஆண்டைகளும் இவ்விரண்டையும் கலந்து, ‘அடங்கியிரு, இது கடவுள் சித்தம்’ என்று எளியோர்க்கு ஓதியதுண்டு. அவர்கள் எலிப்பாஸின் வழியினர். ஒளி பொருந்தியவரின் வழியினர் அல்லர்.

இந்நூலைத் தழுவித் தமிழில் 3,700க்கும் மேற்பட்ட பாடல்களில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியம் செய்தவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். காப்பியம் 1894இல் வெளிவந்தது. தாயின் சினத்திலும் மருத்துவன் கத்தியிலும் அன்பைக் கண்ட ஆழ்வார் மரபு, பெட்போர்டுச் சிறைவாசியின் கதையை வரவேற்க ஆயத்தமாக இருந்த மண் என்று சொன்னால் மிகையாகாது.

பனியனின் இரண்டாம் மனைவி எலிசபெத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணவர் பிடிபட்ட அதிர்ச்சியில் பேறுகாலத்துக்கு முன்பே வலி கண்டு, பிறந்த குழந்தையை இழந்தவர் அவர். மூத்தாள் பெற்ற நான்கு பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பு அவர்மேல் இருந்தது. 1661 ஆகஸ்டில் பெட்போர்டில் ஒரு விடுதிக் கூடத்தில் கூடியிருந்த நீதிபதிகள் முன் அவர் தனித்து நின்று வாதாடினார். ஏழைப் பாத்திரத் தொழிலாளி என்பதால்தான் தம் கணவர் இகழப்படுகிறார், நீதி மறுக்கப்படுகிறார் என்று முகத்துக்கு நேரே கூறினார். மேத்யூ ஹேல் என்னும் நீதிபதி இரக்கம் காட்டினார், பயன் விளையவில்லை. இத்துன்பம் சிட்சை என்றோ ஏற்கத் தக்கது என்றோ அக்கூடத்தில் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் உரைத்தவாறே பனியன் அதனை எழுதி வைத்தார். திருத்தவில்லை, தம் பங்குக்கு ஒரு போதனையைச் சேர்க்கவும் இல்லை. 1688இல் அவர் மறைந்த பின்னும் அவ்வேடு அச்சேறாமல் கிடந்து, 1765இல்தான் வெளிவந்தது. அதன்படி, கூடத்தை விட்டு வெளியேறும்போது எலிசபெத் அழுதிருக்கிறார். தமக்குக் காட்டப்பட்ட கன்னெஞ்சத்தை எண்ணி வந்த அழுகை அன்று அது, கிறிஸ்து வரும் நாளில் இந்த நீதிபதிகள் என்ன கணக்குக் கொடுப்பார்களோ என்று எண்ணி வந்த அழுகை என்பது அவருடைய கூற்று.