ஒரு தாளம், இரண்டு கூட்டம்

இரண்டு டிஜேக்கள் ஒரே மேசையில் நின்று, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுத்து, ஹவுஸ், டெக்னோ, டிரம் அண்ட் பேஸ் என்று வகை மாற்றி ஆடுபவர்களை இரவெல்லாம் இழுத்துப் போவதற்கு ‘பேக் டு பேக்’ என்று பெயர். 1980களில் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் பிறந்த இசைகள் அதற்குத் தீனி போட்டன. ஆனால் மயிலிட்டியிலிருந்து மாவிட்டபுரம், அளவெட்டி, இணுவில் வரை யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துக் கோயில் வீதிகளை அறிந்தவர்களுக்கு அந்த முறை புதிதல்ல. நாதஸ்வர, தவில் கூட்டங்கள் மாறிமாறி வாசிக்கும் அதை மேளச் சமா என்றார்கள். திருவிழாவை நாளுக்கொரு உபயகாரர் ஏற்பார். நேற்றையவர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் இன்றையவர் நாலு பிடிப்பார். அந்த வீம்புதான் பல கூட்டங்களை ஒரே வீதியில் உட்கார்த்தி வைத்தது.

அங்கே நடந்ததைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த கூடுகள் தவில்காரரின் வலக்கை விரல்களில், இடக்கையில் கழி. எட்டு அட்சர ஆதிதாளம் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் அட்சரத்துக்கு நாலாகச் சதுஸ்ரத்தில் வாசித்து விட, அடுத்தவர் மூன்றாகத் திஸ்ரத்தில் எடுப்பார், பிறகு ஐந்தாகக் கண்டம். நடை மாறும், தாளம் அசையாது. வேகம் பொருத்தி ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குத் தாவும் டிஜே செய்வதும் இதே கணக்குத்தான். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் (1933–1975) தவில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு தமிழகத்திலும் ஒலித்ததென்றால், இந்த வீதிகளின் கேள்விஞானத்துக்கும் அதில் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

சமா போட்டிதானே, பேக் டு பேக் கூட்டுறவல்லவா என்று கேட்கலாம். போட்டிதான். ஆனால் முன்னவரின் கடைசிச் சொல்லைக் காதில் வாங்காமல் பின்னவர் எடுக்க முடியாது. தாளம் தவறினால் இருவருக்கும் இழுக்கு. மேளம் வழிபாட்டுக்குரியது, ஆட்டத்தோடு ஒப்பிடலாமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி என்பது மரபு; அதில் யாரும் கைவைப்பதில்லை. சடங்கு முடிந்த பின்னிரவு வேறு. ராகம், கீர்த்தனை, தனித்தவில், விடியும் நேரம் சினிமாப் பாட்டு என்று எல்லாம் ஒரே பாயில் வந்து உட்காரும். டிஜே பிறர் பதிந்ததை எடுத்தாள்கிறார், மேளகாரர் தன் மூச்சையும் விரலையும் செலவழிக்கிறார். இந்த வேறுபாட்டை மட்டும் எந்த ஒப்பீடும் மூடிவிட முடியாது.

அந்த வீதிகள் தொடங்கும் மயிலிட்டியின் மக்கள் 1990இல் போரால் இடம்பெயர்ந்தார்கள். துறைமுகமும் சுற்றியுள்ள நிலத்தில் ஒரு பகுதியும் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தன. இருபத்தேழு வருடம் தம் சொந்த வீதியின் மணலில் உட்கார்ந்து மேளம் கேட்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. மின் அலங்காரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுக்கும் காசில் கொஞ்சத்தை எடுத்து இரண்டாவது கூட்டம் ஒன்றைப் பிடிக்க ஓர் உபயகாரர் முன்வந்தால், அந்தப் பிள்ளைகள் ஓரிரவு முழுக்கக் கேட்கலாம்.