தீயும் தீர்ப்பும்

பள்ளிக்கூடத்தை ஒட்டிய திடல். நடுவிலே குவிந்து கிடக்கின்றன இரண்டாயிரம் ஏடுகள். சூழ நிற்கின்றனர் சிறுவர் சிறுமியர். அவர்களிலே ஒருவன் முன்வந்து தீ மூட்டுகிறான். ஆசிரியப் பெருமக்கள் அருகிலிருந்து பார்க்கின்றனர்! இட்லரின் செர்மனியோ என்று ஐயுற வேண்டாம், தோழர்களே. இட்லரை வீழ்த்தி மூன்றாண்டுகளே ஆன அமெரிக்கா அது. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்பென்சர் என்னும் சிற்றூர், ஆண்டு 1948. எரிந்தவை, பத்து சென்ட் விலைக்குக் கடைதோறும் விற்ற சித்திரக்கதை ஏடுகள்.

இதைப் படித்தபோது நமக்குச் சற்றே நாணம் தோன்றிற்று. கணக்குப் புத்தகத்தினுள் ஒளித்துப் படிக்கப்பட்ட சித்திரக்கதையைப் பறித்த கை, நம்முடைய கையுந்தான். பறித்ததை அன்றிரவே ஒரு வரி விடாமல் நாம் படித்து முடித்தோம் என்பதையும் மறைப்பானேன்!

அந்நாளில் இவ்வேடுகளுக்கு எதிராக எழுந்த குரல்களில் ஓங்கியது, மனநோய் மருத்துவர் பிரெடெரிக் வெர்தாமின் குரல். அவரைக் கொடியவர் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்களைப் பிற மருத்துவமனைகள் புறக்கணித்த காலத்தில், 1946-இல் ஒரு தேவாலயத்தின் நிலவறையிலே மனநல மருத்துவமனை தொடங்கியவர். கட்டணம் 25 சென்ட். நிறவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது குழந்தைகளின் உள்ளத்தைப் புண்படுத்துகிறது என்று டெலாவேர் மாநில வழக்கிலே சான்று பகர்ந்தவரும் அவரே. அத்தகைய நல்லவர்தாம், சிறுவர் குற்றவாளிகளாவதற்குச் சித்திரக்கதைகளே பெருங்காரணம் என்று 1948 முதல் எழுதினார். 1954-இல் நூலே வெளியிட்டார். நாடு நம்பிற்று. ஏன் நம்பாது? மருத்துவர் சொல்கிறார்; பெற்றோர் அஞ்சுகின்றனர்; படிப்பவனோ பன்னிரண்டு வயதுப் பாலகன். அவனுடைய கருத்தைக் கேட்பார் யார்?

கேளாமலே சொன்னான் ஒருவன். வெர்தாமின் கட்டுரை வந்த இலக்கிய இதழுக்கே, 14 வயதுச் சிறுவன் ஒருவன் 1948 சூலையில் மறுப்பு எழுதினான். ஆயிரக்கணக்கில் சித்திரக்கதைகளைச் சேர்த்து வைத்திருந்தவன் அவன். இதழாசிரியர் அக்கடிதத்துக்கு இட்ட தலைப்பு, 'சித்திரக்கதைகளுக்கு முன்பே காயீன்' என்பது. உடன்பிறந்தவனைக் கொன்ற காயீன் எந்தச் சித்திரக்கதையைப் படித்துக் கெட்டான்? அந்தக் கேள்விக்கு அறிஞர் அவையில் விடை கிடைத்ததாக நமக்குத் தெரியவில்லை.

1954 ஏப்ரலில் செனட் சபையின் துணைக்குழு விசாரணை நடத்திற்று. அஞ்சிய பதிப்பாளர்கள் அவ்வாண்டு அக்டோபரிலே தமக்குத் தாமே விலங்கு பூட்டிக்கொண்டனர். தணிக்கை விதிகள் பிறந்தன. நியூயார்க் நகர நீதிபதியாயிருந்த சார்லஸ் மர்பி தணிக்கைத் தலைவரானார். நீதிபதிகள்பாலும் காவலர்பாலும் மதிப்புக் குறையும்படி எழுதலாகாது என்றது ஒரு விதி. எந்த இனத்தையும் இழிவுபடுத்தலாகாது என்றது இன்னொன்று. நல்ல விதிதானே! அது நடைமுறையில் என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

1953-இல் வில்லியம் கெயின்ஸ் என்னும் பதிப்பாளர் 'தீர்ப்பு நாள்' என்றொரு கதையை வெளியிட்டிருந்தார். எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டைன். வரைந்தவர் ஜோ ஆர்லாண்டோ. இயந்திர மனிதர்கள் வாழும் கோள் ஒன்று. பூவுலகத்தார் கூட்டரசிலே சேரும் தகுதி அதற்குண்டா என்று ஆராய ஒரு விண்வெளி வீரன் வருகிறான். அங்கே ஆரஞ்சு நிறத்தாருக்கு ஒரு வாழ்வு. நீல நிறத்தாருக்கு ஒதுக்குப்புறம், கடைக்கோடி வேலை. மேற்பூச்சு நீங்கலாக இரண்டும் ஒரே வார்ப்பு! தகுதியில்லை என்று தீர்ப்பளித்துத் திரும்புகிறான் வீரன். கடைசிச் சித்திரத்திலே தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். அவன் ஒரு கறுப்பினத்தான்.

இக்கதையைப் பாராட்டி, எல்லாரும் கட்டாயம் படிக்க வேண்டியது என்று கடிதம் எழுதியவர் யார் தெரியுமா? புதின ஆசிரியர் ரே பிராட்பரி. இதே பதிப்பகம் முன்பு அவருடைய சிறுகதைகளை இசைவு கேளாமலே சித்திரமாக்கிற்று. வழக்குத் தொடுக்காமல், பணம் அனுப்ப மறந்தீர் போலும் என்று நயமாக நினைவூட்டிப் பெற்றுக்கொண்டவர் அவர். நூல்களைக் கொளுத்தும் அரசைப் பற்றிய 'ஃபாரன்ஹீட் 451' என்னும் அவருடைய புதினமும் 1953-இல்தான் வந்தது. அப்புதினத்திலே பெருநூல்கள் எரிகின்றன. சித்திரக்கதைகளைப் படிக்கவோ அனுமதி உண்டு. அவருடைய நாட்டிலே சித்திரக்கதைகள்தாம் எரிந்தன!

தணிக்கையார் வேறொரு கதையைத் தள்ளவே, அவ்விடத்தில் 'தீர்ப்பு நாள்' கதையை மீண்டும் வெளியிட முனைந்தார் கெயின்ஸ். வீரன் கறுப்பனாயிருத்தல் கூடாது என்றார் மர்பி. அவன் கறுப்பன் என்பதன்றோ கதை! வழக்குமன்றம் செல்வேன், செய்தித்தாள்களுக்குச் சொல்வேன் என்று சீறினார் கெயின்ஸ். அந்நெற்றியிலே வரைந்திருந்த வியர்வைத் துளிகளையாவது நீக்குக என்று இறங்கி வந்தாராம் மர்பி. ஃபெல்ட்ஸ்டைன் பின்னாளில் நினைவுகூர்ந்தது இது. துளியும் நீக்கப்படவில்லை. 1956-இல் அப்படியே அச்சாயிற்று. அப்பதிப்பகத்தின் கடைசிச் சித்திரக்கதை ஏடும் அதுவே.

வெர்தாமின் கையெழுத்துத் தாள்கள் 2010-இல் ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிடப்பட்டன. கேரல் டில்லி என்னும் நூலகவியல் அறிஞர் அவற்றை நூலோடு ஒப்பிட்டு, 2012-இல் தம் முடிவை வெளியிட்டார். சிறுவர்கள் கூறியவற்றை மருத்துவர் திருத்தியிருந்தார். பலர் கூறியதை ஒருவர் வாயிலே வைத்திருந்தார். வீட்டுத் துன்பம், அடி, வறுமை ஆகியவற்றைச் சில இடங்களிலே விட்டுவிட்டிருந்தார். தணிக்கை விதிகளைக் கடைசியாகப் பின்பற்றிய பதிப்பகங்கள் அதற்கு முந்திய ஆண்டுதான், 2011-இல், அவற்றைக் கைவிட்டிருந்தன. 'தீர்ப்பு நாள்' இன்றும் தொகுப்பு நூல்களிலே கிடைக்கிறது, வியர்வைத் துளிகளோடு.