இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்: ஆட்டிசத்தில் மூளை இணைப்பும் சமூக வளர்ச்சியும்

ஆட்டிசமுள்ள குழந்தைகள் பிறருடன் பழகுவதில் காணும் தடைகளுக்கு, மூளையின் தொலைதூர இணைப்புகள் நலிந்திருப்பதே காரணம் என்னும் கருத்து 2004க்குப் பின் இத்துறையில் பரவலாகப் புழங்கிவருகிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் படங்களில் பெரும்பாலானவை பதின்வயதினரிடமும் பெரியவர்களிடமும் எடுக்கப்பட்டவை. ஸ்கேனுக்குள் தலை சற்று அசைந்தாலே தொலைதூர இணைப்பு குறைந்தும் அண்மை இணைப்பு மிகுந்தும் தோன்றும் என்பது 2012இல் தெரியவந்தது. தலையசைவைக் கழித்துப் பார்த்தால் எத்தனை படங்கள் தேறும் என்பதை இங்கே கிளறப்போவதில்லை. நலிவு உண்மை என்றே கொண்டாலும், அது காரணமா விளைவா என்பதை வளர்ந்த மூளை சொல்லாது.

சொல்லக்கூடியது, உல்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு. ஆட்டிசமுள்ள அண்ணனோ அக்காவோ உடைய 92 குழந்தைகளை 6ஆம் மாதத்தில், இயல்பான உறக்கத்தில் வைத்துப் படமெடுத்தார்கள். பலருக்கு 12, 24ஆம் மாதங்களிலும் அது தொடர்ந்தது. இரண்டு வயதில் 28 பேரிடம் ஆட்டிசத்துக்கான அளவுகோல்கள் பொருந்தின. ஆராய்ந்த 15 நரம்பிழைக் கற்றைகளில் 12இன் வளர்ச்சிப் போக்கு இவர்களிடம் வேறுபட்டது. நீர் மூலக்கூறுகள் இழையின் திசையில் எவ்வளவு ஒருமுகமாகப் பரவுகின்றன என்னும் அளவு 6ஆம் மாதத்தில் இவர்களுக்கே கூடுதல். பிறகு மெதுவாக ஏறி, 24ஆம் மாதத்தில் மற்றவர்களுடையதைவிடக் கீழே நின்றது. இந்தக் கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு, நலிவுக் கொள்கை உறுதியாயிற்று என்று எழுதுகிறார்கள். நலிவுதான் முதற்காரணம் என்றால் 6ஆம் மாதத்திலும் அல்லவா அது தெரிந்திருக்க வேண்டும்? அப்போது மிகுதி, பின்னர் நலிவு என்றும் சொல்வதற்கில்லை. இழைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில், இணைப்பு செழித்திருந்தாலும் இந்த அளவு இறங்கும். ஆகவே 6ஆம் மாதத்தின் உயர்ந்த எண், கிளைபிரிதல் இன்னும் தொடங்காததன் அடையாளமாகவும் இருக்கலாம். உறுதியாக நிற்பது ஏற்றத்தின் மந்தம் ஒன்றே.

அந்த மந்தத்துக்கு முன்பே வேறொன்று நடந்துவிடுகிறது. பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைகள் பிறர் கண்களைப் பார்க்கும் நேரம் 2ஆம் மாதத்துக்கும் 6ஆம் மாதத்துக்கும் இடையிலேயே சரிகிறது என்று ஜோன்ஸும் கிளினும் 2013இல் காட்டினார்கள். அதாவது, முதல் படம் எடுக்கும் நாளில் அந்தக் குழந்தையின் சமூக அனுபவம் ஏற்கெனவே பிரிந்து நடக்கிறது. பயன்பாட்டுக்கு ஏற்ப மூளையின் வெண்பொருள், அதாவது இந்த நரம்பிழைகள், மாறும் என்பதால், பார்வை குறைந்ததன் தடம் இழைகளில் விழுந்திருக்க இடமுண்டு. பார்வைச் சரிவும் இழை வேறுபாடும் வெவ்வேறு குழந்தைக் கூட்டங்களில் கண்டவை. எனவே இது நிறுவப்பட்ட முடிவு அன்று, ஊகமே. எதிர்த்தரப்பின் காரணகாரியமும் அதைவிட உறுதியான தரையில் நிற்கவில்லை.

28 பேர் சிறு எண்ணிக்கை என்பது சரி. வேறுபாட்டின் அளவைத்தான் அது ஐயத்துக்கு உள்ளாக்கும். ஒப்பிடப்பட்டவர்களும் அத்தகைய குடும்பங்களில் பிறந்த தம்பி தங்கைகளே என்பதால், குடும்ப வழி வாய்ப்பு மட்டும் இதை விளக்கிவிடாது. பருவ வயதில் மிகை இணைப்பு குறை இணைப்பாகத் திரும்புகிறது என்னும் சமாதானமும் உண்டு. 7 முதல் 13 வயது வரையிலான குழந்தைகளிடம், சமூகத் தடை கூடக்கூட இணைப்பும் கூடுவதாக 2013இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு அதற்குத் துணையாக இழுக்கப்படுகிறது. ஆனால் அந்தத் திருப்பம், வெவ்வேறு வயதுடைய வெவ்வேறு பிள்ளைகளை அருகருகே வைத்துப் பெற்றது. ஒரே குழந்தையிடம் 2ஆம் மாதம் தொட்டுப் பார்வையையும் இழைகளையும் சேர்த்து அளக்கும் ஆய்வே இந்த வழக்கைத் தீர்க்கும்.