ஒன்றரை மணிக்குப் பிறகு: பூனாகலைப் பிள்ளைகளின் மனமும் போதையும்

தேயிலைத் தோட்டத்தில் வளரும் பிள்ளைக்குப் போதைப்பொருளைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. அது அம்மாயியின் வெத்தலைப் பையில் இருக்கிறது. குளிரிலும் பசியிலும் கொழுந்தெடுப்பவர்கள் வாயில் அடக்கிக்கொள்ளும் பாக்கும் பொயிலையும் சிறு போதையாகவும் சிறு தெம்பாகவும் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. நிகோட்டின், மது, காஃபீன் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் பேர் நாடும் கிளர்ச்சிப்பொருள் பாக்கு என்று கணிக்கப்பட்டுள்ளது. கடைக்கு ஓடிப்போய் அதை வாங்கி வருவது பெரும்பாலும் வீட்டின் கடைக்குட்டி.

இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலையோ மதுவோ விற்பது குற்றம். 2016 செப்டம்பரில் பாபுல் போன்ற புகையிலைக் கலவைகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை தடை செய்யப்பட்டன. சட்டங்கள் கடையைக் குறிவைக்கின்றன. வீட்டிலிருக்கும் சுருக்குப் பையை அவை எட்டுவதில்லை. பாடசாலையில் நடக்கும் போதை ஒழிப்புப் பேச்சோ இந்தப் பையைக் கண்டும் காணாததுபோலக் கஞ்சாவுக்கும் ஐஸுக்கும் தாவிவிடுகிறது.

மனநலத்தையும் போதையையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்துப் பார்ப்பதும் இதே போன்ற தவறுதான். மலையகத்தின் பூனாகலைப் பகுதியில் இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது மண்.

2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தையில் மண்சரிவில் தொழிலாளர் லயங்கள் புதையுண்டன. 2005லும் 2011லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்த இடம் அது. பாடசாலைக்குக் கிளம்பிவிட்ட பிள்ளைகள் பலர் தப்பினார்கள்; அவர்களுக்குத் திரும்பிப் போக வீடில்லை. பூனாகலைத் தமிழ்ப் பாடசாலையும் அப்போது முகாமானது. அதாவது படித்த இடமே அழுகைக் களமானது. புதிய வீடுகள் 2016 ஒக்டோபரில்தான் கைக்கு வந்தன. 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்தது. குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குள் தடுப்புகளிட்டுத் தங்கவைக்கப்பட்டன.

தொழிற்சாலை கொழுந்து வாடவும் அரைபடவும் கட்டப்பட்டது. அங்கே குடும்பத்துக்கென்று சுவர் கிடையாது. ஒரு தடுப்புக்குள் கசிப்பு குடித்தவர் போடும் சத்தம் அடுத்த தடுப்பில் கணக்குப் போடும் பிள்ளையின் காதில் விழாமல் போகாது. கூரையில் மழை இறங்கினால் அன்றைய தூக்கம் போயிற்று. இத்தகைய பிள்ளை வகுப்பில் தூங்கினால் சோம்பேறி என்றும், சீறினால் அடங்காதவன் என்றும் பெயர் வாங்குகிறது. வீட்டில் அதைப் “பயந்த கோளாறு” என்பார்கள். பார்வை பார்த்து நூல் கட்டுவார்கள். இந்தச் சொல்லை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் பிள்ளை பயந்திருக்கிறது என்ற மட்டில், ஆசிரியரின் தீர்ப்பைவிட அது நோய்க்கு நெருக்கமானது.

சிகிச்சைக்கான வழி நீளம். பஸ் பிடித்துப் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போனால் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், விழாது. போய்ச் சேர்ந்தாலும், தமிழில் மனம்விட்டுப் பேச ஆள் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

போதைக்குப் புத்திமதியே போதும் என்று நம்புவோர் இலங்கையின் இன்னொரு அனுபவத்தைக் கவனிக்க வேண்டும். 1995இல் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்றிருந்த தற்கொலை வீதம் பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியது. உயிரின் அருமை பற்றிய சொற்பொழிவுகளுக்கு அந்தப் பெருமை சேராது. கொடிய நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்ததே முதன்மைக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சண்டையும் கடனும் துயரமும் இருந்த இடத்திலேயே இருந்தன. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருள் மட்டும் அகன்றது.

பிள்ளைகள் விடயத்திலும் கைக்கெட்டுவது எது, எந்த நேரத்தில் என்றே கேட்க வேண்டும். பாடசாலை பகல் ஒன்றரைக்கு விடும். கொழுந்து நிறுத்துத் தாய் லயத்துக்கு வர மாலையாகிவிடும். கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ வேலை என்றால் அந்த மாலையும் இல்லை. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் இருப்பது பூட்டிய வீடு, ஓடை, கடைவாசல், தவறணைக்குப் போகும் பாதை. பாடசாலையின் ஒரு வகுப்பறையை மாலை ஐந்து மணிவரை திறந்து வைத்து, தமிழ் பேசும் ஒருவரை அங்கே இருத்துவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு சம்பளமும் ஒரு சாவியும் போதும்.