பாவ்லோவா யார் வீட்டுப் பண்டம்?

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். போர், உடன்படிக்கை என்று ஆரம்பித்தால் இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆகவே ஓர் இனிப்பின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன்.

முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரை பொங்க அடித்து, துளி வினிகரும் கொஞ்சம் சோளமாவும் சேர்த்து, இளஞ்சூட்டில் அவனில் வைப்பார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. அதன் தலையில் தாராளமாகக் க்ரீம், பழத்துண்டுகள். டயட்டில் இருப்பவர்கள் மன்னிக்கவும்! இதன் பெயர் பாவ்லோவா. 1926-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆடிய ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் பெயர் அது. நம் ருக்மிணி தேவியை இந்திய நடனத்தின் பக்கம் திருப்பிவிட்டவரும் இவரேதான்.

முதலில் செய்தது யார்? "எங்க ஊர்தான்" என்று இரண்டு நாட்டாருக்கும் தீராத சண்டை. ஆஸ்திரேலியர்கள் காட்டிய ஆள், பெர்த் நகர எஸ்பிளனேட் ஹோட்டல் சமையல்காரர் பெர்ட் சாக்‌ஷே, ஆண்டு 1935. ஆனால் பாவ்லோவா காலமானது 1931-இல். ஆக, சாக்‌ஷேயின் கைப்பக்குவத்தை அந்த அம்மாள் ருசி பார்த்திருக்கவே முடியாது.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகப் பேராசிரியை ஹெலன் லீச், பழைய சமையல் குறிப்புகளை வருஷக்கணக்காகத் துருவி 2008-இல் ஒரு நூலே எழுதினார். 1920-களிலேயே பல வண்ண அடுக்கு ஜெல்லி ஒன்றுக்கு இந்தப் பெயர் இருந்தது. டனீடின் நகரில் காபியும் வால்நட்டும் சேர்த்த சின்னச் சின்ன மெரிங்குகளுக்கும் இதே பெயர். பெரிய கேக் வடிவமும் 1935-க்கு முன்பே நியூசிலாந்தில் அச்சேறிவிட்டது. இதே மாதிரி கேக்குகள் வேறு பெயர்களிலும் உலவின.

வரலாற்று மாணவன் என்ற முறையில் எனக்குப் பிடித்த பாடம் இது. பெயருக்கு ஒரு வயசு, பண்டத்துக்கு வேறொரு வயசு. இரண்டையும் குழப்பினால் ஒரே ஒரு 'கண்டுபிடிப்பாளர்' கிடைத்துவிடுவார். கூடவே ஒரு நல்ல கதையும் கிடைக்கும். பத்திரிகைக்கும் மாதர் சங்கப் புத்தகத்துக்கும் குறிப்பு எழுதி அனுப்பிய எத்தனையோ குடும்பப் பெண்கள்தான் அந்தக் கதையிலிருந்து காணாமல் போவார்கள். தம்பி தங்கைகளே, "இதை முதலில் செய்தவர் இவர்" என்று யாராவது அடித்துச் சொன்னால், "எந்த வருஷத்துக் காகிதத்தில் இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.